மூன்றாவது கை

அந்தப் பழைய படத்திற்கு மார்க்கு முப்பத்தெட்டு மதிப்பெண் வழங்கிய வெள்ளிக்கிழமை நண்பகலில், எங்கள் உணவறையில் ஏழு பேர் அமர்ந்திருந்தோம். மார்க்கு என்பது அவருடைய பெயரன்று. பார்த்த படம் எதுவாயினும் நூற்றுக்கு இத்தனை என்று தீர்ப்பளிக்காமல் அவர் தம் உணவு டப்பாவைத் திறப்பதில்லை. ஆதலால் அப்பெயர் நிலைத்துவிட்டது. அறுபதைத் தாண்டிய படம் எதுவும் அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. அவருக்கு எதிரே அமர்ந்திருந்தவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்று அழைப்பதைக் கேட்டுக் கேட்டுப் பணிமனை முழுவதும் அவரை மாப்பிள்ளை என்றே அழைத்தது. சிறைக்காவலர் ஒருவர் தம் இளமைக்கால நண்பரைத் தம் கையாலேயே தூக்கிலிட நேரும் அந்தப் படத்தை எங்களுக்குப் பரிந்துரைத்தவர் அவர்தாம்.

“முப்பத்தெட்டா? என்னய்யா இது, பெயிலாக்கணும்னே உக்காந்து பாத்தியா?” என்றார் மாப்பிள்ளை.

“முப்பத்தஞ்சு எடுத்தா பாஸு. அதுவும் அம்மாவா நடிச்ச அந்தம்மாவுக்காக மூணு மார்க்கு கூடப் போட்டிருக்கேன்.”

தகடுகளின் அளவைச் சரிபார்க்கும் பணியில் இருந்த பெண்மணியைக் கேஜ் அக்கா என்போம். அவர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். “அந்தம்மா என்ன பண்ணிச்சு? படம் பூரா இருமிக்கிட்டுல்ல இருந்துச்சு?”

“அதான்க்கா. படத்துல அந்த இருமல் ஒண்ணுதான் நெசம்.”

எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளையும் சிரித்தார் என்றே நினைவு. அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் மார்க்கு தம் தீர்ப்புக்குக் காரணம் கூறாமல் விடுபவர் அல்லர்.

“பழைய படத்துல குத்துப்பட்டவன் ரெண்டு பக்கம் வசனம் பேசிட்டுத்தான் சாவான். சரி, சாகப்போறவன் பேசட்டும், பாவம். இதுல கொல்லப்போறவன் பேசறான்யா! லீவரைப் புடிச்சுக்கிட்டு பதினோரு நிமிஷம். நான் வாட்ச்சு பாத்தேன். இழுத்து விட்டுட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்க வேண்டியதுதானே?”

“புதுப்படத்துல மட்டும் என்ன வாழுது? தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். செத்தவன் பேரே நமக்குத் தெரியாது.”

“தெரிஞ்சு என்ன பண்ணப்போறே? கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கப்போறியா?”

“நண்பன்யா அவன்!” மாப்பிள்ளையின் குரல் உயர்ந்தது. “எங்கப்பா அந்த சீனுக்கு அழுதாரு. அவரு அழுது நான் பாத்தது அந்த ஒருவாட்டிதான்.”

மார்க்கு டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டே, நிமிர்ந்து பாராமல் கூறினார். “படத்துக்குத்தான் அழுதாரா? பக்கத்துல உன்னை உக்கார வெச்சிருந்தாரே. மனுஷனுக்கு வேற காரணமும் இருந்திருக்கும்.”

மாப்பிள்ளையின் எஃகு டப்பா மேசையைக் கடந்து சென்று மார்க்குவின் புருவத்தைக் கிழித்தது. அடுத்த கணம் இருவரும் தரையில் இருந்தனர். மார்க்கு பருத்த உடலினர். மாப்பிள்ளையின் சட்டைக் கழுத்தைப் பற்றி, அலமாரிக் கதவில் அவர் தலையை இரண்டு முறை மோதினார். மாப்பிள்ளை அவருடைய முன்கையைக் கடித்தார். நாங்கள் நால்வர் சேர்ந்து பிரிப்பதற்குள் தரையில் உணவும் குருதியும் கலந்து, யாருடையது எது என்று அறிய இயலாதபடி மிதிபட்டிருந்தன. ஒரு கண்ணைக் குருதி மறைக்க, மற்றொரு கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்து மார்க்கு சொன்னார்: “இன்னொரு தடவை எம்மேல கை நீட்டுனே, அந்தக் கை இருக்காது. பாத்துக்க.”

இதை ஏழு பேரும் கேட்டோம்.

எங்கள் பணிமனையில் கதவுக் கீல்கள் செய்யப்படுகின்றன. பதினாறு பிரஸ் இயந்திரங்கள், எட்டு எட்டாக, இரு வரிசைகளில் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். ஒவ்வொன்றும் இறங்கும்போது எழும் ஓசையில் வாய்ப்பேச்சுக்கு வழியே இல்லை. காதில் பஞ்சடைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை நிற்போம். ஆகையால் கையால் பேசினோம். நெற்றியில் இரு விரல் வைத்தால் தாய். மீசையை முறுக்கினால் வில்லன். சுட்டுவிரலைச் சுழற்றினால் பாட்டு. பாட்டை எவரும் விரும்பிக் கேட்டதில்லை. திங்கட்கிழமை புதுப்படம், வியாழக்கிழமை பழைய படம் என்று எவரும் எழுதாத ஒரு முறை எங்களிடையே இருந்தது. ஒரு படத்தைக் கையால் சொல்லி முடிக்க ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு கீல்கள் ஆகும். சொல்வதில் நானே சிறந்தவன் என்பது பொதுவான கருத்து. அதை நான் மறுத்ததில்லை.

ஆனால் அந்த இயந்திரத்தில் பேசுவதற்கெனக் கை எதுவும் மிச்சமிராது. இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒரு பொத்தான். இரண்டையும் ஒருங்கே அழுத்தினாலன்றி மேலிருக்கும் இரும்பு கீழே இறங்காது. இரு கைகளும் பொத்தான்களில் இருக்கும்போது எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது என்பதே அந்த அமைப்பின் அறிவு. அந்த அறிவை வென்றவன் நான். பெட்டிப் பலகையிலிருந்து கட்டைவிரல் அளவில் ஓர் ஆப்பைச் செதுக்கி, இடப் பொத்தானை அழுத்திய நிலையிலேயே அது நிற்குமாறு விளிம்பில் செருகினேன். அதன்பின் வலக்கை ஒன்றே போதும். இடக்கை தகட்டை வைக்கும், எடுக்கும், இடையில் கதை சொல்லும். ஒரே வாரத்தில் பதினாறு இயந்திரங்களுக்கும் பதினாறு கட்டைகள் செய்து கொடுத்தேன். கீல்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. அதன் பிறகு மேனேஜர் எங்கள் வரிசைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். “அவருக்குத் தெரியாதுன்னா நெனக்கிறீங்க? தெரியாத மாதிரி நடக்கறதுக்குத்தான் அவருக்குத் தனி ரூம் குடுத்திருக்காங்க,” என்பார் கேஜ் அக்கா.

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, முந்தைய நாள் பார்த்த புதுப்படத்தின் இறுதிக் காட்சிக்கு வந்திருந்தேன். கல்லுடைக்கும் களம். வில்லன் பாறையின்மீது கிடக்கிறான். நாயகன் சம்மட்டியுடன் நிற்கிறான். என் இடக்கை முஷ்டியே சம்மட்டி. நேரெதிரே, பத்தடித் தொலைவில், மாப்பிள்ளை தம் பிரஸ்ஸில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வெள்ளிக்கிழமையின் வீக்கம் இன்னும் நீலமாக இருந்தது. அவருக்கு இடப்புறம், கை எட்டும் தொலைவில், மார்க்குவின் இயந்திரம். அவர் புருவத்தில் தையல். இருவரும் அன்று ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

கையை ஓங்கினேன். ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினேன். கதை சொல்பவனுக்கு அதைவிட இன்பமான கணம் வேறில்லை. அடி விழப்போகிறது என்பது கேட்பவனுக்குத் தெரியும். எப்போது என்பது எனக்கு மட்டுமே தெரியும். மாப்பிள்ளையின் வாய் சற்றே திறந்திருந்தது. சாய்ந்து கிடந்த ஒரு தகட்டை நேராக்குவதற்காக அவருடைய இடக்கை அச்சுக்குள் சென்றிருந்தது. வலக்கை பொத்தானின் மேல் தயாராக இருந்தது. நான் முஷ்டியை இறக்கினேன். அவரும் வலக்கையை இறக்கினார்.

கீல் தகட்டில் இறங்கும் ஓசைக்கும் விரல்களில் இறங்கும் ஓசைக்கும் எந்த வேறுபாடும் இருக்கவில்லை.

முதலில் ஓடியவர் மார்க்கு. சிவப்புப் பொத்தானை அடித்து இயந்திரத்தை நிறுத்தினார். பக்கவாட்டுச் சக்கரத்தை, கழுத்து நரம்புகள் புடைக்கத் தனியொருவராகப் பின்னோக்கிச் சுழற்றி இரும்பை உயர்த்தினார். தம் சட்டையைக் கழற்றி, விரல்கள் இருந்த இடத்தைச் சுற்றி இறுக்கினார். மாப்பிள்ளையின் அலறல் பஞ்சையும் கடந்து வந்தது. கட்டைவிரல் ஒன்றே எஞ்சியிருந்தது. நானும் ஓடினேன். ஆனால் என் கால்கள் முதலில் என்னைக் கொண்டு சென்றது அவரிடம் அன்று. இடப் பொத்தானின் விளிம்பிலிருந்து கட்டையைப் பிடுங்கிக் கழிவுத் தொட்டிக்குள் எறிந்த பிறகே அவருடைய தோளைத் தாங்கினேன். நிமிர்ந்தபோது, வரிசை முழுவதும் கைகள் அதே செயலைச் செய்துகொண்டிருந்தன. மேனேஜர் வந்து சேருமுன் பதினாறு பொத்தான்களும் புதியவை போல் துருத்திக்கொண்டு நின்றன.

பிற்பகலில், தரையைக் கழுவிய பிறகு, மேனேஜர் எங்களை நிறுத்திக் கைகளை எண்ணினார். “லெஃப்ட் கை உள்ள. ரைட் கை இந்தப் பொத்தான்ல. ரெண்டு பொத்தானும் அமுங்கினாத்தான் மெஷினே இறங்கும். அப்ப இந்தப் பொத்தான்ல யார் கை?”

“கை இல்ல சார். கட்டை,” என்றார் மார்க்கு. அவர் உள்பனியனுடன் நின்றிருந்தார். அதில் குருதி காய்ந்து மொடமொடத்திருந்தது.

“என்ன கட்டை? எங்க, காட்டு.”

மார்க்கு தம் பொத்தானைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். பின்பு எங்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் கேட்கப்பட்டோம். கட்டை என்ற சொல்லையே அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்படுபவர்களைப் போல் பதிலளித்தோம். கேஜ் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் அளவு பாக்கறவ சார். பொத்தான் பாக்கறது என் வேலை இல்ல,” என்றார். என் முறை வந்தது. கட்டை என்று ஒன்று இருந்ததென ஒப்புக்கொண்டால் அதைச் செய்தவன் யார் என்பது அடுத்த வினா. “நான் என் வேலையைப் பாத்துக்கிட்டிருந்தேன் சார்,” என்றேன். அப்போது யாரோ ஒருவர், யார் என்பதை நான் குறிப்பிட விரும்பவில்லை, வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னார். அந்தக் கை இருக்காது என்ற சொற்களையும் சொன்னார். மேனேஜரின் முகத்தில், நீண்ட கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்ட தெளிவு தோன்றியது. மார்க்கு அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

மறுநாள் மாலை மருத்துவமனைக்குச் சென்றேன். மூன்றாம் மாடி. என் தங்கை கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். உறங்கும் குழந்தையை வைத்திருப்பவளைப் போல் அசையாதிருந்தாள்.

“அண்ணே, நீ எதிர்லதானே நின்னே? உன் கண்ணெதிர்ல ஒருத்தன் பொத்தானை அமுக்கி என் புருஷன் கையை எடுத்திருக்கான். நீ மத்தியானம் சாப்பிட்டியா?”

சாப்பிட்டிருந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவரச் சென்றதும் நான் குனிந்தேன்.

“மாப்ள. யாரும் அமுக்கலையே.”

அவர் கண்களைத் திறக்கவில்லை. “அமுக்குனான்னு சொல்லிட்டேன் மச்சான்.”

“அவன்தானே சக்கரத்தைச் சுத்தி உன் கையை வெளிய எடுத்தான்?”

“பின்ன என்ன சொல்லச் சொல்றே? படம் பாத்துக்கிட்டே என் கையை நானே நசுக்கிக்கிட்டேன்னா? கையும் போயி, கூறுகெட்டவன்னு பேரும் வாங்கவா?” அவர் உதடுகள் வறண்டு வெடித்திருந்தன. “நீ செஞ்ச கட்டை. நீ சொன்ன கதை. உன்னையும் சேத்துத்தான் காப்பாத்திக்கிட்டிருக்கேன். பேசாம இரு.”

என் தங்கை குடத்துடன் திரும்பி வந்தாள். நான் எழுந்து அதை வாங்கி வைத்தேன்.

புதன்கிழமை பிற்பகல் மாப்பிள்ளையின் தம்பி என் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினான். தொலைதூரத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவன். செய்தி கேட்டுப் பாதியில் திரும்பியிருந்தான். அவனுடன் மேலும் இருவர். “ஏறுண்ணே,” என்றான். “எங்க?” என்று நான் கேட்கவில்லை. ஏறும்போது, நான் உடனிருந்தால் அடியின் அளவைக் குறைக்கலாம் என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன். வழி நெடுக அவன், ஓய்வில் பார்த்த ஒரு படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். அண்ணனைக் கொன்றவர்களை ஒருவன் தேடித்தேடிக் கொல்லும் படம். “சூப்பர்ண்ணே. ஆனா ஒரு விஷயம். கடைசி ஆளை மன்னிச்சு விட்டுடறான். அங்கதான் படம் படுத்துருச்சு.”

மார்க்கு இரண்டாம் மாடியில் குடியிருந்தார். அவர் மனைவி வேலைக்குச் சென்றிருந்த நேரம். கதவைத் திறந்தவரை அவர்கள் பேச விடவில்லை. சட்டையைப் பற்றி மாடிப்படிக்கு இழுத்தார்கள். முதல் அடி வயிற்றில் விழுந்தது. அவர் மடங்கியபோது முழங்கால் ஒன்று முகத்தைச் சந்தித்தது; புருவத்தின் தையல் பிரிந்தது. படிகளில் உருண்டு, மூலையில் சுவரோடு சாய்ந்தார். லாரிக்காரன் அவருடைய இடக்கையைக் கம்பிக் கைப்பிடியில் வைத்து அதன்மேல் காலணியால் மிதித்தான். ஒருமுறை, இருமுறை. எலும்பின் ஓசை தெளிவாகக் கேட்டது. அங்கே எந்த இயந்திரமும் ஓடவில்லை. கீழ் வீட்டில் ஒரு கதவு திறந்து, உடனே மூடிக்கொண்டது.

அப்போதுதான் அவர் என்னைக் கண்டார். நான் மூன்று படிகள் மேலே நின்றிருந்தேன். அவருடைய முகத்தில் நம்பிக்கை தோன்றியது. அதை எப்படி எழுதினாலும் குறைவாகவே இருக்கும்.

“நீ வந்துட்டியா,” என்றார். “சொல்லு. இவங்ககிட்ட நீயே சொல்லு. நீ எதிர்லதானே நின்னே. அங்க நீ செஞ்ச கட்…”

படிகளில் இறங்கியது நினைவில்லை. என் முஷ்டி அவருடைய வாயில் இறங்கியது நினைவிருக்கிறது. தாடை பக்கவாட்டில் நகர்ந்தது. மீண்டும் அடித்தேன். அந்தச் சொல் வெளிவர வாய்ப்பிருந்த அளவும் அடித்தேன். லாரிக்காரனே என் இடுப்பைப் பற்றி இழுக்க வேண்டியதாயிற்று. “போதும்ண்ணே, செத்துடப்போறான்,” என்றவனின் குரலில் மரியாதை கூடியிருந்தது. என் வலக்கையின் நடு மூட்டில் அவருடைய பல் ஒன்று பதிந்து உடைந்திருந்தது. அதை நானே பிடுங்கி எடுத்தேன்.

வியாழக்கிழமை மாலை மருத்துவமனைப் படிகளில் ஏறியபோது முதல் மாடியில் என் கால்கள் நின்றன. கதவோரக் கட்டிலில் மார்க்கு கிடந்தார். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். இடக்கையில் மாவுக்கட்டு. அருகில் தையற்கடைச் சீருடையுடன் ஒரு பெண் அமர்ந்திருந்தார். மார்க்குவின் மனைவி; நான் அவரை முன்பு பார்த்ததில்லை.

“நீங்க இவரோட வேலை பாக்கறவங்களா?” என்று எழுந்தார். “உக்காருங்க. பெரிய மனசு பண்ணி வந்தீங்களே, ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலை. யார் அடிச்சாங்கன்னு உங்களுக்காவது தெரியுமாங்க? எழுதிக் காட்டுங்கன்னு பேனாவைக் குடுத்தா, வாங்க மாட்டேங்கறாரு.”

மார்க்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் சினம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மதிப்பிட்டு முடித்துவிட்ட ஒன்றைப் பார்க்கும் சலிப்பே அதில் இருந்தது.

“மத்தியானம் டிவியில ஒரு பழைய படம் ஓடுச்சு,” என்று அந்தப் பெண் தொடர்ந்தார். அழுகைக்கும் சிரிப்புக்கும் இடைப்பட்ட குரல். “எத்தனை மார்க்குன்னு கேட்டேன். வலியிலயும் விரலைக் காட்டறாரு பாருங்க. நாப்பதாம். அதுல ஹீரோ அழகா இருந்தான்யா, இன்னும் ரெண்டு போடுன்னேன். தலையை ஆட்டிட்டாரு.”

நான் பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலோர மேசைமேல் வைத்தேன். அவை மூன்றாம் மாடிக்கு வாங்கியவை. கம்பி கட்டிய வாயால் அவற்றை உண்ண முடியாது என்பது, வெளியே வந்த பிறகே தோன்றியது. அன்று நான் மேலே செல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். நடுவயதுப் பெண்மணி, மெல்லிய குரல். முதல் வேலையாகப் பதினாறு இயந்திரங்களையும் நிறுத்தச் செய்தார். மேனேஜர் முந்தைய வெள்ளிக்கிழமைச் சண்டையை விளக்கிக்கொண்டே உடன் வந்தார். ஆய்வாளர் மாப்பிள்ளையின் பிரஸ்ஸுக்கு முன் நின்று, “எதிர்ல நின்னவர் யாரு?” என்றார்.

முன்னே சென்றேன்.

“அவர் நின்ன மாதிரி நில்லுங்க. கை எங்க எங்க இருந்துச்சோ அப்படியே வெச்சுக் காட்டுங்க.”

மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மேலே தொங்கிய இரும்பை ஒருமுறை பார்த்துவிட்டே இடக்கையை அச்சுக்குள் வைத்தேன். வலக்கையை வலப் பொத்தானில் வைத்தேன். ஆய்வாளர் மார்க்குவின் இடத்தில் நின்று, கையை நீட்டி இடப் பொத்தானைத் தொட்டார். “எட்டுது,” என்றார். மேனேஜர் தலையசைத்தார். “அவர் உங்களைப் பாத்துக்கிட்டிருந்தா இந்தக் கை வர்றது அவருக்குத் தெரிஞ்சிருக்காது. உங்களுக்குத் தெரியணும். வந்துச்சா?”

எனக்கு எதிரே, வழக்கமாக நான் நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஆம் என்ற ஒரே சொல் போதும். என் வேலை நிற்கும். தங்கை வீட்டு வாசல் எனக்குத் திறந்திருக்கும். மற்ற எல்லோரும் என்னைத் தோளில் தட்டுவார்கள். முதல் மாடியில் கிடப்பவர் மட்டுமே சிறைக்குச் செல்வார். சொல்ல வாயெடுத்தேன். ஆய்வாளர் என் வலக்கையை நோக்கிக் குனிந்தார்.

“இது ஏன் இப்படி வீங்கியிருக்கு? மெஷின்ல பட்டதா?”

“இல்லைங்க.”

“பின்ன?”

“பல்லுங்க.”

“யாரோட பல்லு?”

“நீங்க நிக்கிற எடத்துல நின்னவரோடது.”

மேனேஜர் என்னை ஒருமையில் அழைத்தார். ஆய்வாளர் அவர் பக்கம் திரும்பாமல் கையுயர்த்தி நிறுத்தினார். “எதுக்கு அடிச்சீங்க?”

“கட்டைன்னு சொல்ல வாயெடுத்தாருங்க.”

அதன்பின் சொற்கள் தடையின்றி வந்தன. கட்டைகளைச் சொன்னேன், பதினாறையும் செதுக்கியது நானே என்று சொன்னேன். கேஜ் அக்கா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். பின்பு அவரே கழிவுத் தொட்டியைக் கவிழ்த்து, முழங்காலிட்டுத் துழாவலானார். படிக்கட்டில் நடந்ததைச் சொன்னேன். இறுதியாகக் கல்லுடைக்கும் களத்தையும் சம்மட்டியையும், ஓங்கிய கையை நான் நிறுத்தி வைத்ததையும், மாப்பிள்ளை அதற்காகக் காத்திருந்ததையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த ஆய்வாளரின் பேனா அங்கே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இதை எழுதறதுக்கு என் படிவத்துல கட்டம் இல்லை,” என்றார்.

மற்றவற்றை எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் பெற ஒரு மணி நேரம் ஆயிற்று. காவல் நிலையத்திற்குப் பிற்பகல் வர வேண்டும் என்றார்கள். செய்தி வெளியே செல்வதற்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கவில்லை. நான் வாயிலுக்கு வந்தபோது, சாலையின் மறுபக்கத்தில் லாரி நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கை காலி. அதற்கு அடுத்த இருக்கையில் என் தங்கை. அவள் நேராக முன்புறக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிக்காரன் சக்கரத்தின் அருகே நின்று, ஒரு துண்டை வலக்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். அவசரமில்லாமல், மடிப்பு விழாமல் சுற்றினான்.

வாயிற்காவலர் எதையும் அறியாதவர். என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாய்யா. நேத்து ஒரு படம் பாத்தேன். பழசுதான். ரெண்டு அண்ணன் தம்பி, ஒரே கேஸ்ல எதிரும் புதிருமா சாட்சி. கோர்ட் சீன் அருமை. ஆனா கடைசியில எல்லாருக்கும் ஒரு அடிதடியை வெச்சுக் கெடுத்துட்டான். எதுக்குய்யா அது? அதான் உண்மை வெளிய வந்துருச்சே, அதோட முடிக்க வேண்டியதுதானே? நீ என்ன சொல்றே?”

கைக்கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். “இதைக் கொஞ்சம் வெச்சிருங்கண்ணே.”

“எதுக்கு?”

சாலை ஓரத்தில் சென்று நின்றேன். நண்பகல் ஆனதால் போக்குவரத்து மிகுந்திருந்தது. லாரிக்காரன் என்னைக் கண்டுவிட்டான். ஒரு காலைச் சாலையில் வைத்தான். அப்போது வளைவில் ஒரு நீண்ட பேருந்து திரும்பியது. அவன் காலைப் பின்வாங்கிக்கொண்டான். நானும் ஓரடி பின்னே நின்றேன். பேருந்து எங்களுக்கு இடையே மெல்ல, மிக மெல்லச் சென்றுகொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு சன்னலிலும் ஒரு முகம் வந்து வந்து போயிற்று. முகங்களுக்கு இடைப்பட்ட வெளியில், என் தங்கை இன்னும் முன்னே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.